யுனிட்டியில் மொடியூல் காணவில்லை: எடிட்டரை அழித்து மீள நிறுவுவதா, குறைந்ததை மட்டும் போடுவதா?

கேம் செய்கிற மென்பொருளான யுனிட்டியின் கொன்சோலில் (பிழைகளைக் காட்டுகிற பலகத்தில்) ‘அசெம்பிளி ரெஃபரன்ஸ் ஏதும் விடுபட்டதா?’ என்று கேட்கிற சிவப்பு வரி ஒன்று வந்துவிட்டால், எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் எடிட்டரை, அதாவது நிறுவிய யுனிட்டி மென்பொருளையே, முழுதாக அழித்துவிட்டு மறுபடி இறக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஃபைபர் இணைப்புள்ள வீட்டில் அது ஒரு பின்னேரத்துக்குள் முடிகிற வேலை. ஒட்டுசுட்டானிலோ புதுக்குடியிருப்பிலோ போன் ஹொட்ஸ்பொட்டை நம்பி மடிக்கணினி வைத்திருக்கிற பிள்ளைக்கு அது அந்த மாத டேட்டாவையே விழுங்கிவிடும். எடிட்டர் மட்டுமே பல ஜிபி. போனுக்குக் கேம் எடுக்க உதவுகிற அண்ட்ராய்ட் மொடியூல், அதற்குரிய எஸ்டிகே, என்டிகே, ஜேடிகே என்ற கருவித் தொகுப்புகள் எல்லாம் சேர்ந்தால் இன்னும் பல ஜிபி. இவ்வளவையும் இறக்கி முடித்த பிறகும் அதே சிவப்பு வரி அதே இடத்தில் நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன். பெரும்பாலும் குறை எடிட்டரில் இருப்பதில்லை, புரொஜெக்டுக்குள் இருக்கிறது.

கிளிநொச்சியில் வார இறுதி நாட்களில் பிள்ளைகளுக்குக் கேம் செய்யச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். இந்தப் பிழையைத் தீர்க்க இருக்கிற வழிகளை எங்கள் நிலைமைக்குள் வைத்து ஒப்பிடவே இதை எழுதுகிறேன். எவ்வளவு டேட்டா தின்னும், செய்த வேலை ஏதும் அழியுமா, கூட வேலை செய்கிற மற்றப் பிள்ளையின் கணினியில் அதே பிழை திரும்ப வருமா என்ற மூன்றையும் வைத்துத்தான் ஒவ்வொரு வழியையும் பார்த்திருக்கிறேன்.

எது காணவில்லை?

‘மொடியூல் இல்லை’ என்று கொண்டுவரப்படும் பிழைகள் வெவ்வேறு இடங்களில் பிறக்கின்றன. எங்கே பிறந்தது என்று தெரியாமல் வழியைத் தெரிவு செய்ய முடியாது.

கொன்சோலில் சிஎஸ்0246 அல்லது சிஎஸ்0234 என்ற இலக்கத்தோடு வரி வந்தால், ஸ்கிரிப்டின் தலையில் ‘யூசிங்’ போட்டு அழைத்த ஏதோ ஒன்று புரொஜெக்டில் இல்லை. அது பெரும்பாலும் ஒரு பக்கேஜ், அதாவது புரொஜெக்டில் தனியே சேர்க்கிற வசதித் தொகுப்பு. பொத்தான், ஸ்லைடர் எல்லாம் தருகிற யூஐ பகுதியே 2019.2 பதிப்பிலிருந்து தனிப் பக்கேஜாக மாற்றப்பட்டுவிட்டது. அதற்கு முந்திய காலத்துப் பாடங்களைப் பார்த்துச் செய்கிறவர்களும் பழைய புரொஜெக்டைப் புதிய எடிட்டரில் திறக்கிறவர்களும் அங்கேதான் முதலில் இடறுகிறார்கள். இன்புட் சிஸ்டம், சினிமெஷின் போன்றவையும் இதே வகை.

ஒரு பொருளைத் தட்டியதும் அதன் விபரங்களைக் காட்டுகிற இன்ஸ்பெக்டரில் ‘இதனோடு இணைந்த ஸ்கிரிப்டை ஏற்ற முடியவில்லை’ என்று மஞ்சள் எச்சரிக்கை காட்டினால் சங்கதி வேறு. ஸ்கிரிப்ட் கோப்பு அங்கேயே இருக்கலாம், இணைப்பு மட்டும் அறுந்திருக்கும். ஒன்றை மட்டும் முதலில் சரிபார்த்துவிடுங்கள்: வேறு எந்தக் கோப்பில் கொம்பைல் பிழை இருந்தாலும் இந்த எச்சரிக்கை வரலாம். ஆகவே கொன்சோலின் முதற் சிவப்பு வரியைத் தீர்த்த பிறகும் மஞ்சள் நிற்கிறதா என்று பாருங்கள்.

பில்ட் பண்ண, அதாவது கேமை ஓடக்கூடிய வடிவில் எடுக்கப் போகும்போது ‘தெரிவு செய்த ஸ்கிரிப்டிங் பக்கெண்ட் நிறுவப்படவில்லை’ என்று வந்தால் (பக்கெண்ட் என்பது ஸ்கிரிப்டுகளை ஓட வைக்கிற பகுதி), அப்போதுதான் உண்மையில் எடிட்டரின் மொடியூல் ஒன்று குறைகிறது.

கடைசியாக, யுனிட்டி கொன்சோல் சுத்தமாக இருந்து ஸ்கிரிப்ட் எழுதுகிற விஷுவல் ஸ்டூடியோவில் மட்டும் எல்லா இடமும் சிவப்புக் கோடு ஓடினால் எதுவுமே காணாமற் போகவில்லை. பிரிஃபரன்ஸஸில் எக்ஸ்டேர்னல் டூல்ஸ் பக்கத்துக்குப் போய், புரொஜெக்ட் கோப்புகளை மீள உருவாக்கும் பொத்தானை அழுத்தினால் சரி. டேட்டா ஒரு துளியும் செலவில்லை.

மிகப் பழைய பாடங்களில் வருகிற ஜாவாஸ்கிரிப்ட் மாதிரியான யுனிட்டிஸ்கிரிப்ட் கோப்புகள் 2018.2 முதல் எந்த எடிட்டரிலும் ஓடாது. எதை மீள நிறுவினாலும் அது திரும்பி வராது. அவற்றை யுனிட்டியின் இப்போதைய மொழியான சி ஷார்ப்பில் எழுதத்தான் வேண்டும்.

எடிட்டரை அழித்து மீள நிறுவுதல்

இதற்கும் உரிய நேரம் உண்டு. நிறுவிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய் அரைகுறையாக நின்ற எடிட்டர், அன்டிவைரஸ் ஏதோ ஒரு டிஎல்எல் கோப்பைத் தூக்கித் தனிமைப்படுத்திவிட்ட எடிட்டர், இந்த இரண்டுக்கும் மீள நிறுவுவது நியாயம். இரண்டாவதில்கூட அன்டிவைரஸின் குவாரன்டைன் பட்டியலைத் திறந்து கோப்பைத் திருப்பி எடுக்க முடியுமா என்று முதலில் பார்க்கலாம். எடிட்டர் யுனிட்டியின் சொந்த இடத்திலிருந்து இறக்கியதாக இருந்தால் மட்டும் அப்படிச் செய்யுங்கள். யாரோ பென் டிரைவில் தந்த கிராக் பதிப்பென்றால் அன்டிவைரஸ் சொல்வதையே கேளுங்கள்.

இன்னொரு காரணம் பாதுகாப்பு. 2017.1 பதிப்பு முதல் செய்யப்பட்ட யுனிட்டி கேம்களைப் பாதிக்கிற ஓட்டை ஒன்று 2025 ஒக்டோபரில் வெளிப்படுத்தப்பட்டது. திருத்தப்பட்ட எடிட்டர்களும் வெளிவந்தன. கேமை வெளியே பிறருக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் அந்தத் திருத்தம் உள்ள பதிப்புக்குப் போவது கடமை. அதற்காக டேட்டா செலவழிப்பதில் எனக்கு மறுப்பில்லை.

மற்றப்படி எடிட்டரை அழிக்கத் தொடங்குமுன் ‘புரொஜெக்ட்செட்டிங்ஸ்’ கோப்புறைக்குள் இருக்கிற ‘புரொஜெக்ட்வேர்ஷன்’ என்ற எழுத்துக் கோப்பைத் திறந்து பாருங்கள். அந்தப் புரொஜெக்டை எந்த எடிட்டர் பதிப்பில் செய்தார்கள் என்று அதில் எழுதியிருக்கும். இரண்டு நண்பர்களில் ஒருவர் 2021 பதிப்பிலும் மற்றவர் யுனிட்டி 6இலும் ஒரே புரொஜெக்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால், எத்தனை முறை மீள நிறுவினாலும் பக்கேஜ்கள் குழம்பிக்கொண்டே இருக்கும். முதலில் இருவரும் ஒரே பதிப்புக்கு வரவேண்டும்.

லைப்ரரி கோப்புறையை அழித்தல்

இணையத்தில் கிடைக்கிற அறிவுரைகளில் மீள நிறுவலுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். பொதுவாக நல்ல அறிவுரையும்கூட. லைப்ரரிக்குள் இருப்பவை எல்லாம் யுனிட்டி தானே உருவாக்கிக்கொண்டவை. எடிட்டரை மூடிவிட்டு அதை அழித்தால், அடுத்த முறை திறக்கும்போது எல்லாவற்றையும் மறுபடி உருவாக்கும். உங்கள் வேலை இருப்பது அசெட்ஸ், பக்கேஜஸ், புரொஜெக்ட்செட்டிங்ஸ் ஆகிய மூன்று கோப்புறைகளில் மட்டுமே. கார்த்திகை மார்கழி மழைக்கு இம்போர்ட் நடுவில் கரண்ட் போய்க் குழம்புவதும் இந்த லைப்ரரிதான். ஆகவே அந்த நிலைமையில் இது சரியான மருந்து.

ஆனால் எங்களுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. அதை டேட்டா தாராளமாக உள்ள ஊரிலிருந்து அறிவுரை சொல்கிறவர்கள் யாரும் சொல்வதில்லை. புரொஜெக்ட் பாவிக்கிற பக்கேஜ்களின் கோப்புகள் லைப்ரரிக்குள்ளே ‘பக்கேஜ்கேஷ்’ என்ற கோப்புறையில் கிடக்கின்றன. லைப்ரரியை அழித்தால் அவையும் போகும். கணினியின் பொதுக் கேஷில் (முன்பு இறக்கியவை சேமிக்கப்பட்டிருக்கும் இடத்தில்) அவற்றின் பிரதி இருந்தால் யுனிட்டி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். புரொஜெக்டையே வேறு ஒருவரிடமிருந்து கொப்பி பண்ணி வந்திருந்தால் அந்தப் பிரதி உங்கள் கணினியில் இருக்காது. இன்டர்நெட் இல்லாத நேரத்தில் அழித்தீர்களானால், ஒரு பக்கேஜ் காணவில்லை என்று தொடங்கியது எல்லாப் பக்கேஜும் காணவில்லை என்று முடியும்.

அதனால் நான் சொல்லிக்கொடுப்பது இடைவழி ஒன்று. லைப்ரரிக்குள் ‘ஸ்கிரிப்ட்அசெம்பிளிஸ்’, ‘பீ’ என்ற இரண்டை மட்டும் அழியுங்கள். கொம்பைல் செய்யப்பட்ட ஸ்கிரிப்டுகளும் அதற்கான இடைக் கோப்புகளும் அவற்றில்தான் இருக்கின்றன. பக்கேஜ்கேஷ் தப்பிவிடும். அதற்கும் பிழை போகாவிட்டால் பக்கேஜ்கேஷை வெளியே ஓரிடத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டு, மிச்ச லைப்ரரியை அழித்து, புதிதாக ஒரு வெறும் லைப்ரரி கோப்புறை செய்து, அதற்குள் அதைத் திருப்பி வையுங்கள். படங்கள், ஒலிகள் எல்லாவற்றையும் மறுபடி இம்போர்ட் பண்ணப் பழைய மடிக்கணினிக்கு நேரம் எடுக்கும், டேட்டா எடுக்காது.

குறைந்த பக்கேஜை மட்டும் போடுதல்

சிஎஸ்0246 வகைப் பிழைக்கு என் முதல் தெரிவு இதுதான், மற்ற எல்லாவற்றையும்விட. பக்கேஜ் மனேஜரைத் திறந்து, பெயரைத் தேடி, நிறுவு என்று அழுத்துவது இன்டர்நெட் இருந்தால் சில நிமிட வேலை. பெரும்பாலான பக்கேஜ்கள் எடிட்டரோடு ஒப்பிட்டால் மிகச் சிறியவை. யூஐ பக்கேஜ் எடிட்டரோடேயே சேர்ந்து வருவதால் அதற்கு இறக்கமே தேவையில்லை. புரொஜெக்டின் பக்கேஜ் பட்டியலான ‘மனிஃபெஸ்ட்’ கோப்பில் அதன் பெயர் வரி இல்லாமற் போனதுதான் பிழைக்குக் காரணமாக இருக்கும்.

இன்டர்நெட் இல்லையென்றால் இரண்டு கிளைகள் உண்டு. இவற்றுக்கிடையிலான வேறுபாட்டைத்தான் பிள்ளைகள் கவனிக்காமல் விடுகிறார்கள். முதலாவது, வேறொரு கணினியிலிருந்து பக்கேஜ் கோப்புறையைக் கொண்டுவந்து டி டிரைவில் எங்காவது வைத்துவிட்டு, பக்கேஜ் மனேஜரில் ‘டிஸ்கிலிருந்து சேர்’ என்று கொடுப்பது. உடனே வேலை செய்யும். ஆனால் மனிஃபெஸ்டில் பதிவது அந்தக் கோப்புறைக்குப் போகிற பாதை. புரொஜெக்டை மற்றப் பிள்ளையிடம் கொடுத்தால் அங்கே அந்தப் பாதை இல்லை, பிழை திரும்ப வரும். இரண்டாவது, அதே கோப்புறையைப் புரொஜெக்டின் சொந்த ‘பக்கேஜஸ்’ கோப்புறைக்குள்ளேயே வைப்பது. யுனிட்டி அதைப் புரொஜெக்டின் அங்கமாகவே எடுத்துக்கொள்ளும். புரொஜெக்ட் போகிற இடமெல்லாம் பக்கேஜும் கூடப் போகும். புரொஜெக்டின் பருமன் கொஞ்சம் கூடும், பக்கேஜின் புதிய பதிப்பு வந்தால் கையால்தான் மாற்றவேண்டும். பென் டிரைவிலேயே குழுவாக வேலை செய்கிற எங்களுக்கு அந்த இரண்டு குறைகளும் பெரிதல்ல. நான் இரண்டாவது கிளையின் பக்கம்.

பக்கேஜ் போட்ட பிறகும் பிழை நின்றால், ஸ்கிரிப்ட் இருக்கிற கோப்புறையில், ஸ்கிரிப்டுகளைத் தனித் தொகுதியாகப் பிரிக்கிற அசெம்பிளி டெஃபினிஷன் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதன் ரெஃபரன்ஸ் பட்டியலில் அந்தப் பக்கேஜின் அசெம்பிளியையும் சேர்க்கவேண்டும்.

மெட்டா கோப்பு அறுந்த கதை

மஞ்சள் எச்சரிக்கைக்கு வருகிறேன். இதற்கு எந்த நிறுவலும் உதவாது. எங்கள் வகுப்பில் அதிகம் கண்ணீர் வரவைப்பதும் இதுதான்.

குளத்து நீரை வாய்க்கால் வழியே வயல்களுக்குப் பங்கிடுகிற கேம் ஒன்றை இரண்டு பிள்ளைகள் சேர்ந்து செய்துகொண்டிருந்தார்கள். இரணைமடுக் குளத்தை மனதில் வைத்துச் செய்தது. நீரைத் திறந்துவிடுகிற துருசைத் தட்டினால் கதவு உயரும், நீர் போகும், பயிர் பச்சையாகும். ஒருவன் வீட்டில் எழுதிய ஸ்கிரிப்டுகளைப் பென் டிரைவில் கொண்டுவந்து வகுப்புக் கணினியில் போட்டான். ஒரு துருசும் அசையவில்லை.

“சேர், வீட்டில எல்லாம் ஓடினது. இஞ்ச ஸ்கிரிப்ட் இல்லையெண்டு காட்டுது.”

“பென்னில என்னத்தையெல்லாம் கொப்பி பண்ணினனி, தம்பி?”

“ஸ்கிரிப்ட் ஃபைல் மட்டுந்தான் சேர். பக்கத்தில மெட்டா எண்டு கொஞ்சம் கிடந்தது, அது தேவையில்லையெண்டு விட்டிட்டன்.”

அந்த மெட்டாதான் உயிர். யுனிட்டி ஒரு ஸ்கிரிப்டைப் பெயரால் நினைவு வைப்பதில்லை, மெட்டா கோப்புக்குள் இருக்கிற ஜியூஐடி என்ற நீண்ட இலக்கத்தால் நினைவு வைக்கிறது. அடையாள அட்டை இலக்கம் மாதிரி: பெயரை மாற்றலாம், வீட்டை மாற்றலாம், இலக்கம் அதேதான். காட்சிக் கோப்பிலே துருசின் மேல் பதிந்திருப்பது அந்த இலக்கம். மெட்டா இல்லாமல் கோப்பை மட்டும் போட்டால் யுனிட்டி அதற்குப் புதிய இலக்கம் ஒன்றைக் கொடுத்துவிடும். பழைய இலக்கத்தைத் தேடுகிற துருசுக்கு ஆள் கிடைக்காது.

இங்கேயும் தெரிவு இருக்கிறது. ஒவ்வொரு பொருளிலும் ஸ்கிரிப்டைக் கையால் மறுபடி இழுத்து விடலாம். பொருள்கள் குறைவென்றால் அது போதும். காட்சி நிறையத் துருசும் வயலுமாக இருந்தால் அப்படிச் செய்யாதீர்கள். வீட்டுக் கணினியிலிருந்து பழைய மெட்டாக்களை எடுத்து வந்து, எடிட்டரை மூடிவிட்டு, புதிதாக உருவானவற்றின் மேல் போடுங்கள். திறந்ததும் எல்லாத் துருசும் ஒரேயடியாக உயிர்க்கும், இன்ஸ்பெக்டரில் கொடுத்து வைத்திருந்த அளவுகளும் அப்படியே இருக்கும். ஒரேயொரு நிபந்தனை: இடையில் யாரும் மஞ்சள் எச்சரிக்கை காட்டிய பாகங்களை நீக்கிச் சேமித்திருக்கக்கூடாது. அதனால்தான் மஞ்சளைக் கண்டவுடன் ‘ரிமூவ் கொம்போனன்ட்’டில் கை வைக்கவேண்டாம் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

பில்ட் மொடியூல்: ஹப்பா, தனி இன்ஸ்டோலரா, மோனோவா?

எடிட்டர்களை நிறுவி நிர்வகிக்கிற செயலியான யுனிட்டி ஹப்பில் எடிட்டரின் பக்கத்தில் இருக்கிற பட்டியலைத் திறந்தால் ‘அட் மொடியூல்ஸ்’ வரும். அதில் வேண்டியதை மட்டும் தெரிவு செய்தால் எடிட்டர் அப்படியே இருக்க, மொடியூல் வந்து சேரும். ஹப் வழியாக நிறுவாமல் வேறு விதமாகப் போட்ட எடிட்டருக்கு இந்தத் தெரிவு கிடைக்காது.

ஹப்பின் இறக்கம் இடையில் அறுந்து அறுந்து போகிற இடங்களுக்கு, யுனிட்டியின் பழைய பதிப்புகள் பக்கத்தில் ஒவ்வொரு மொடியூலுக்கும் தனி இன்ஸ்டோலர் கிடைக்கிறது. அறிவியல் நகரிலோ பம்பைமடுவிலோ பல்கலைக்கழகத்தில் படிக்கிற அண்ணா அக்கா யாரும் நல்ல இணைப்பில் இறக்கி வைத்துப் பென் டிரைவில் தந்தால் ஊரில் எத்தனை கணினியிலும் போடலாம். எடிட்டரின் பதிப்பும் மொடியூலின் பதிப்பும் கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருக்கவேண்டும். அண்ட்ராய்ட் இன்ஸ்டோலருக்குள் எஸ்டிகே, என்டிகே, ஜேடிகே இராது. அவற்றையும் தனியே எடுத்துவந்து எக்ஸ்டேர்னல் டூல்ஸில் பாதை காட்டவேண்டும். வேலை கூடியதுதான். ஆனாலும் பல கணினிகள் உள்ள வகுப்புக்கு இதுவே மலிவான வழி.

எதையும் இறக்காமல் தப்ப விரும்புகிறவர்கள் பிளேயர் செட்டிங்ஸில் ஸ்கிரிப்டிங் பக்கெண்டை ஐஎல்2சிபிபியிலிருந்து மோனோவுக்கு மாற்றிவிடுகிறார்கள். விண்டோஸுக்குச் செய்கிற கேமென்றால் நானும் அதையே சொல்வேன். விண்டோஸ் ஐஎல்2சிபிபிக்கு மொடியூலோடு விஷுவல் ஸ்டூடியோவின் சி பிளஸ் பிளஸ் பகுதியும் வேண்டும், அது வேறு ஜிபிக் கணக்கு. பாடசாலைக் கண்காட்சியில் காட்ட மோனோ தாராளமாகப் போதும். அண்ட்ராய்டுக்கு அப்படியல்ல. அங்கே மோனோவால் 32 பிட் பில்ட்தான் எடுக்கமுடியும். கூகுள் பிளே 2019 ஓகஸ்டிலிருந்து 64 பிட் கேட்கிறது. பிக்சல் 7 போன்ற சில போன்களில் 32 பிட் செயலி ஓடவே ஓடாது. சோதித்துப் பார்க்க மோனோ, வெளியிட ஐஎல்2சிபிபி.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். புரொஜெக்ட் கோப்புறைக்குத் தமிழிலே பெயர் வைக்க ஆசைப்படுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் விண்டோஸில் பாதையில் தமிழ் எழுத்து இருந்தால் அண்ட்ராய்ட் பில்ட், கிரேடில் என்ற தொகுப்புக் கருவி ஓடுகிற கட்டத்தில் பிழை காட்டி நின்றுவிடும். அதை மொடியூல் குறையென்று நினைத்து எல்லாவற்றையும் மீள நிறுவியவர்களும் உண்டு. கேமின் பெயரைத் தமிழில் வையுங்கள், கோப்புறைக்கு ஆங்கில எழுத்துப் போடுங்கள்.

கொடோவுக்கு மாறினால் என்ன?

யுனிட்டியை விட்டு, கேம் செய்கிற இன்னொரு மென்பொருளான கொடோவுக்குப் போகலாமா என்ற கேள்வியை நான் ஒதுக்கமாட்டேன். கொடோவின் சாதாரணப் பதிப்பு எம்பிக் கணக்கில்தான், ஜிபியில் அல்ல. நிறுவவே தேவையில்லை, ஸிப் கோப்பை விரித்து ஓட்டலாம். அதன் சொந்த மொழியான ஜிடிஸ்கிரிப்ட் எடிட்டருக்குள்ளேயே இருப்பதால் ஸ்கிரிப்ட் மொடியூல் காணவில்லை என்ற பிழைக்கு அங்கே அநேகமாக இடமில்லை. ஏற்றுமதி செய்ய மட்டும் டெம்பிளேட் கோப்பு வேண்டும், அது ஏறத்தாழ ஒரு ஜிபி. அண்ட்ராய்டுக்கு ஜேடிகேயும் எஸ்டிகேயும் அங்கும் தேவை.

தமிழுக்கு இன்னொரு பெரிய காரணம் இருக்கிறது. கொடோ 4 தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்கிறது. யுனிட்டியில் எழுத்துகளைக் காட்டுகிற டெக்ஸ்ட்மெஷ்புரோவில் ‘கொ’ என்று எழுதினால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். அதைத் திருத்த ஏதாவது ஒரு பிளகின் சேர்க்கிறார்கள். எடிட்டரைப் புதுப்பித்ததும் அந்தப் பிளகினே காணாமற் போன மொடியூலாகக் கொன்சோலில் வந்து நிற்கிறது.

சி ஷார்ப்பை விடமுடியாது என்று அதையும் கூட்டிக்கொண்டு கொடோவுக்குப் போனால் பழைய தலையிடி புது இடத்தில் தொடங்கும். அதற்கு டொட்நெட் பதிப்புக் கொடோவை வேறாக இறக்கவேண்டும். டொட்நெட் எஸ்டிகேயும் வேண்டும், கொடோ 4.4 முதல் அதன் 8ஆம் பதிப்பு. சாதாரணப் பதிப்பில் சி ஷார்ப் புரொஜெக்டைத் திறந்தால் ஸ்கிரிப்டுகள் ஏறாது. கொடோ 3இல் இருந்த, சி ஷார்ப் கேமை இணையத்துக்கு ஏற்றுமதி செய்கிற வசதியும் கொடோ 4 வந்தபோது இல்லாமற் போனது.

அதனால் ஓ.எல். எழுதிவிட்டுப் புதிதாகத் தொடங்க வருகிற பிள்ளைகளை நான் இப்போது நேரே கொடோவிலும் ஜிடிஸ்கிரிப்டிலும்தான் தொடங்க வைக்கிறேன். யுனிட்டியில் ஏற்கெனவே பாதி வரை வந்துவிட்டவர்களை மாறச் சொல்வதில்லை. காட்சிகள், ஸ்கிரிப்டுகள் எதுவும் அப்படியே கொண்டுபோக முடியாது. ஒரு பக்கேஜ் குறைந்ததற்காக மாதக் கணக்கான வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். துருசுக் கேம் செய்கிற பிள்ளைகள் இருவரும் யுனிட்டியிலேயே தொடர்கிறார்கள். இப்போது அசெட்ஸ், பக்கேஜஸ், புரொஜெக்ட்செட்டிங்ஸ் மூன்றையும் மெட்டாக்களோடு முழுதாகக் கொப்பி பண்ணித்தான் ஒருவரிடமிருந்து மற்றவரிடம் கொடுக்கிறார்கள்.